மாடத்தின் ஒளி யாருக்கு?

புதுவீடு கட்டத் தொடங்கும் பங்கு மக்கள் பலர், வீட்டின் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையின் இல்லத்திற்கு வருவதுண்டு. அடித்தளம் இடும் நாளைக் குறிப்பதற்காகவும், செபிக்க அழைப்பதற்காகவும் வருவார்கள். பேச்சு முடிந்து எழுந்திருக்கும் வேளையில், "சாமி, மாடம் எந்தச் சுவரில் வைக்கலாம்?" என்று தயக்கத்தோடு கேட்பார்கள். முப்பது ஆண்டுகளாகக் குருத்துவப் பணியில் இக்கேள்வியை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். திசை பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சிலர் கேட்கின்றனர். அழகாக அமைய வேண்டும் என்பதற்காகச் சிலர் கேட்கின்றனர். ஆயினும் இக்கேள்விக்குள் வேறொரு கேள்வி உறங்கிக் கிடக்கிறது என்பது என் எண்ணம். அதைத்தான் இக்கட்டுரையில் வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

சுவருக்குள் குடைந்தாற்போல் அமைக்கப்படும் இந்தச் சிறு இடத்திற்கு நம் மக்கள் பல பெயர்களை வைத்திருக்கின்றனர். மாடம் என்பர், மாடக்குழி என்பர், தென்மாவட்டங்களில் பிறை என்றும் சொல்வர். இன்று மின்வேலை செய்கின்ற தம்பிமார் 'நிஷ்' என்கின்றனர். வீட்டுப் பிள்ளைகள் 'ஷோகேஸ்' என்கின்றனர். பெயர்கள் மாறியது போலவே அதன் வேலையும் மாறிவிட்டது. அந்த மாற்றம் சிறியது போலத் தோன்றினாலும் சிறியதன்று.

பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். மண்சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். சுவர் எழுப்பும்போதே, தேவையான இடத்தில் ஒரு சாண் அகலத்திற்கு மண்ணை வைக்காமல் விட்டுவிடுவார்கள். மேற்பகுதியை முக்கோணமாகவோ வளைவாகவோ கூட்டி முடிப்பார்கள். மேலிருந்து வரும் பாரம் அவ்வளைவில் பட்டு இருபுறமும் இறங்கிவிடும். தாங்குகல் எதுவும் தேவைப்படாது. திண்ணையில் ஒன்று, நடுவீட்டில் ஒன்று, அடுக்களையில் ஒன்று என மாடங்கள் இருக்கும். மாலையில் அகல் விளக்கையோ, மண்ணெண்ணெய்ச் சிமினியையோ ஏற்றி அதில் வைப்பார்கள். காற்றில் அணையாது, குழந்தைகளின் கையில் படாது, தரையில் இடத்தை அடைக்காது. மாடத்தின் நெற்றியில் கரி படிந்திருக்கும். அந்தக் கரியைக் கண்டு யாரும் முகம் சுளித்ததில்லை. எத்தனையோ மாலைகளில் அவ்வீட்டார் ஒன்றுகூடினர் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த மாடத்தில் பார்ப்பதற்கென்று எதுவுமில்லை. அங்கே விளக்கு மட்டுமே இருந்தது. வீட்டார் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. அதன் ஒளியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பூ கட்டினர், வலை பின்னினர், கணக்குப் பார்த்தனர், செபமாலை உருட்டினர். ஒளி சுவரிலிருந்து வீட்டை நோக்கி வந்தது.

இன்றைய மாடத்தில் ஒளியின் திசை வேறு. உள்ளே ஒரு பொருளை வைக்கிறோம். அப்பொருள் விளங்கித் தோன்றுவதற்காக விளக்கை மறைத்து வைக்கிறோம். அது நன்றாகத் தெரிய வேண்டுமென்று கூடத்து விளக்குகளை அணைத்தும் விடுகிறோம். ஒளி வீட்டுக்கு வருவதில்லை, உள்ளேயே நின்றுவிடுகிறது. மாடத்தின் ஒளி யாருக்கு என்பதே நான் மேலே குறிப்பிட்ட, உறங்கிக் கிடக்கும் அந்தக் கேள்வி.

ஆண்டவர் இயேசு விளக்கைப் பற்றிப் பேசியபோது கேட்டவர்கள் கண்முன் தோன்றியது எது? கலிலேயாவின் எளிய வீடு. சன்னல்கள் சிறியவை, பகலிலும் உள்ளே இருள். அதனால்தான் காணாமற்போன திராக்மாவைத் தேடும் பெண் முதலில் விளக்கை ஏற்றுகிறாள் என்று லூக்கா நற்செய்தி பதினைந்தாம் அதிகாரம் சொல்கிறது. உள்ளங்கையில் அடங்கும் களிமண் விளக்கு, ஒலிவ எண்ணெய், ஒரு திரி. அதைத் தண்டின் மேலோ சுவர்மாடத்திலோ உயர்த்தி வைத்தால்தான் அதன் சிற்றொளி எங்கும் பரவும். மத்தேயு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் அவ்விளக்கைப் பற்றிச் சொல்லும்போது, அது வீட்டிலுள்ள அனைவருக்கும் பயன்படுவதையே குறிப்பிடுகிறார். விளக்குத் தண்டின் அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தொடக்கத் திருச்சபைக்கும் மாடம் அந்நியமானதன்று. உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில், இறந்தோரைக் கிடத்துவதற்காகச் சுவர் நெடுகிலும் நீண்ட குழிகளை வெட்டினர். அவற்றின் அருகே கையகலத்தில் சிறு மாடங்களும் உண்டு; அங்கே விளக்குகளை வைத்தனர். இறந்தவர்களுக்கு விளக்கு தேவையில்லை. அவர்களைத் தேடி இருண்ட வழிகளில் வந்த உயிருள்ளோருக்கு அது வழிகாட்டியது.

சிரியா நாட்டில் யூப்ரத்தீசு ஆற்றங்கரையில் துரா-எவுரோப்போசு என்றொரு பழைய நகரம் இருந்தது. ஏறத்தாழ 256-ஆம் ஆண்டில் பாரசீகப் படையிடம் அது வீழ்ந்தது. முற்றுகையின்போது நகரச் சுவரைப் பலப்படுத்த, அதையொட்டியிருந்த கட்டடங்களை மண்ணால் நிரப்பினர். அந்த மண்ணே அவற்றைக் காத்தது. 1930-களில் ஆய்வாளர் அங்கே தோண்டியபோது ஒரு யூதத் தொழுகைக்கூடமும், அதே தெருவில் ஒரு கிறிஸ்தவ இல்லமும் வெளிப்பட்டன. தொழுகைக்கூடத்தில் எருசலேமை நோக்கிய மேற்குச் சுவரில், திருச்சட்டச் சுருளை வைப்பதற்கான மாடம் இருந்தது. கிறிஸ்தவ இல்லம் ஒரு குடும்பம் வாழ்வதற்காகக் கட்டப்பட்ட சாதாரண வீடு. பின்னர் அதைச் சபை கூடும் இடமாக மாற்றியிருந்தனர். அதன் ஓர் அறையில் திருமுழுக்குத் தொட்டிக்கு மேலே வளைவான மாடம். அதன் பின்சுவரில் ஆட்டைத் தோளில் சுமந்து நிற்கும் நல்லாயனின் ஓவியம். கோவில்கள் எழும்புவதற்கு முன்னரே ஒரு வீட்டுச் சுவர் இவ்வாறு ஆண்டவருக்கு இடம் விட்டிருந்தது.

பிற்காலத்தில் நற்கருணையையும் திருத்தைலத்தையும் ஆலயங்களில் பத்திரப்படுத்திய முறைகளுள் ஒன்று, பீடத்திற்கு அருகே சுவரில் மாடம் அமைத்துக் கதவிட்டுப் பூட்டுவது. அவற்றைப் பூட்டிக் காக்க வேண்டும் என்று 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் நற்கருணைப் பேழையின் முன் தனி விளக்கு ஒன்று இடைவிடாது எரிய வேண்டும் என்கிறது. அந்த விளக்கு எங்கே இருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அது பேழைக்குள் இல்லை. பேழையின் வேலைப்பாட்டைக் காட்டுவதற்காகவும் இல்லை. அது வெளியே நிற்கிறது. ஆண்டவரை மாட்சிப்படுத்திக்கொண்டே, உள்ளே வருகிறவர்களிடம் 'இங்கே ஒருவர் இருக்கிறார்' என்று சொல்கிறது. வணக்கமும் அழைப்பும் ஒரே சுடரில் நிகழ்கின்றன.

வீட்டில் சுரூபம் வைத்து வணங்குவது பற்றிப் பிற சபை நண்பர்கள் கேட்கும்போது நம் மக்கள் தடுமாறுவதுண்டு. 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் இதைத் தெளிவாக்கியது. உருவத்திற்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளைச் சென்றடைகிறது என்பது அதன் போதனை. திருவுருவங்களை ஆலயங்களில் மட்டுமன்றி, வீடுகளிலும் வழியோரங்களிலும் வைக்கலாம் என்றும் அச்சங்கம் கூறிற்று. ஆக, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுச் சுவருக்குத் திருச்சபை உரிமை வழங்கியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கமோ 1963-இல் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில், ஆலயங்களில் உருவங்கள் அளவோடும் முறையோடும் இருக்கட்டும் என்று அறிவுரை தந்தது. 1964-இல் திருச்சபை பற்றிய ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பவர்களுக்கு, வீட்டு மாடத்தில் எதை எவ்வளவு வைக்கலாம் என்பது விளங்கிவிடும்.

இனி, மாடத்தின் கட்டுமானத்தைப் பற்றிச் சிறிது. பங்குத்தந்தைக்குக் கொத்து வேலை எதற்கு என்று எண்ண வேண்டாம். ஆலயம், பள்ளி, கெபி என்று வாழ்நாளெல்லாம் கொத்தனார்களோடு வெயிலில் நிற்பவர்கள் நாங்கள். மாடம் அமைப்பதற்கு ஒன்பது அங்குலச் சுவரே ஏற்றது. நாலரை அங்குல ஆழத்திற்கு இடம் விட்டால் பின்னால் அரைச் செங்கல் கனம் மிஞ்சும். வெறும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் குழிக்கு இடமேது? அங்கே மரச்சட்டமிட்டு வெளிப்புறமாகக் கட்டிக்கொள்வதே நலம். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரையும் தவிர்க்க வேண்டும். பின்புறம் மெலிந்துவிடுவதால் ஈரம் கசிந்து உட்பூச்சு உப்புப் பூக்கும். செங்கல் அடுக்கும்போதே இடம் விடுவது எளிது. முடிந்த சுவரைப் பின்னர் உடைப்பதானால், அச்சுவர் கூரையைத் தாங்குகிறதா, தூண்களுக்கு இடையே நிற்கும் வெறும் அடைப்புச் சுவரா என்பதை அறிந்தவரிடம் காட்டிய பின்னரே உளி வைக்க வேண்டும். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலே மின்குழாய் இறங்கியிருக்கும்; அங்கே கை வைக்கலாகாது.

மாடத்தின் மேலே கல்லோ காங்கிரீட்டோ ஒரு தாங்குபலகை வேண்டும். அது இருபுறமும் அரையடி அளவு சுவருக்குள் ஏறியிருக்க வேண்டும். இதை எனக்கு விளக்கிய முதிய கொத்தனார் ஒருவர், "காலியிடம் தானாக நிற்காது சாமி, மேலே ஒன்று தாங்கினால்தான் கீழே காலியாக இருக்கும்" என்றார். அவர் சுவரைப் பற்றித்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் நெடுநாள் என்னோடு இருந்தது. ஒரு குடும்பத்தில் செபத்திற்கென்று கால் மணி நேரம் காலியாக இருக்கிறதென்றால், அந்நேரத்தின் மேல் விழும் வேலைப்பாரத்தை யாரோ ஒருவர் தோள் கொடுத்துத் தாங்குகிறார் என்று பொருள். பெரும்பாலும் அது தாயின் தோள்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரு இருதய ஆண்டவர் படத்திற்கு முன் சிவப்பு 'ஜீரோ வாட்' குமிழ் எரியாத கத்தோலிக்க வீடு ஒரு காலத்தில் அரிது. பெயர் ஜீரோ என்றாலும் அது ஏறத்தாழ 15 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். அதனினும் பெரிய பழைய குமிழ்களை மூடிய மாடத்துள் வைத்தால், மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகி, சுரூபத்தின் வண்ணம் வெடித்து உதிரும். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரத்தில், மிகுந்த சூடின்றி ஒளி தருகின்றன. நீலம் கலந்த வெண்மையைவிட, மஞ்சள் கலந்த இளஞ்சூட்டு நிறமே கண்ணுக்கும் செபத்திற்கும் இதமானது. விளக்குக்கு மின்சாரம் மாற்றித் தரும் சிறு பெட்டியைச் சுவருக்குள் புதைக்காமல், கை எட்டும் இடத்தில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் இருந்தால், நெகிழிப் பூக்களையும் திரைச்சீலைகளையும் அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். விளக்கைச் சுரூபத்தின் பின்னால் வைத்தால் உருவத்தின் விளிம்பு ஒளிரும், முகம் இருண்டுவிடும். அடியில் வைத்தால் நிழல் மேலேறி முகம் விகாரமாகும். மேலே, முன்விளிம்பில் வைத்தால்தான் முகம் தெரியும். இதன் பயனைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் கண்கூடாகக் கண்டேன்.

நான் பணியாற்றிய ஒரு பங்கில், சிறுவணிகம் செய்யும் குடும்பம் ஒன்று கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டு வயது மகன், பள்ளியில் படிக்கும் மகள், வயதான பாட்டி. கூடத்து மாடத்தில் திரு இருதய ஆண்டவரின் சுரூபத்தை வைப்பது என்று முடிவு செய்து, அதற்கு அளவு குறித்துத் தாளில் வரைந்து கொத்தனாரிடம் கொடுத்தவன் அந்த மகன்தான். சுவர் எழுந்தது, மாடமும் அமைந்தது. மேற்கூரை போட்ட சில வாரங்களில் நெடுஞ்சாலை விபத்தொன்றில் அவன் இறந்துபோனான். நான்தான் அவனை அடக்கம் செய்தேன்.

பல மாதங்கள் நின்றிருந்த வேலை மீண்டும் தொடங்கியது. வாடகை கட்ட இயலாமல், முடியாத வீட்டின் பின்கட்டில் அவர்கள் குடியேறியிருந்தனர். வீடு மந்திரிப்பதற்கு நாள் கேட்டுத் தந்தை என்னிடம் வந்தார். சென்று பார்த்தேன். மாடத்தில் சுரூபம் இருந்தது. அதன் முன்னால், அதை ஏறக்குறைய மறைத்துக்கொண்டு, மகனின் பெரிய நிழற்படம். இருபுறமும் அவன் கால்பந்தில் வென்ற கோப்பைகள். பின்விளிம்பைச் சுற்றி மின்விளக்கு இரவும் பகலும் எரிந்தது. மாடம் மங்கிவிடும் என்று, கூடத்தில் வேறு விளக்கைத் தாய் போட விடுவதில்லை. இரவில் மகள் தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்து படித்தாள். அது அவளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு ஆண்டு.

பாட்டி என்னைக் கண்டதும் முறையிட்டார்: "ஆண்டவரு நிக்கிற இடத்துல பிள்ளை படத்தை வைக்கலாமா, நீங்களே சொல்லுங்க சாமி." தாய் பேசவில்லை. தந்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழிபாட்டு முறைப்படி விடை சொல்வது எளிது. புனிதர்களின் மன்றாட்டை நாம் நாடுகிறோம். மரித்த நம் உறவினருக்காக நாம் மன்றாடுகிறோம். ஆகவே இறந்தவர் படத்தைத் திருவுருவம் இருக்கும் இடத்தில், அதற்கு ஈடாக வைப்பது முறையன்று. இதைத்தான் மெதுவாகச் சொன்னேன். அவனை யாரிடம் ஒப்படைத்தோமோ, அவரை நோக்கவே அந்த மாடம். அவன் வரைந்ததும் அதற்காகத்தான். படத்தை அருகே சுவரில் மாட்டலாம் என்றேன்.

அப்போதுதான் தாய் வாய் திறந்தார். "அப்படின்னா என் பிள்ளை இருட்டுலயா இருக்கணும், சாமி?"

அக்கேள்விக்குக் குருமடத்தில் படித்த எந்த நூலிலிருந்தும் ஒரு விடையை எடுத்து அந்த இடத்தில் வைக்க முடியாது. நிலையான ஒளி அவர்கள்மீது ஒளிர வேண்டுமென்று ஒவ்வோர் அடக்கத்திலும் நாம் செபிக்கிறோம். அந்தத் தாய் அச்செபத்தைத் தன் கையாலேயே நிறைவேற்ற முயன்றுகொண்டிருந்தார். அவர் அணைக்க அஞ்சியது மின்விளக்கை அன்று. அதை எப்படிக் குறை கூறுவது?

முற்றத்தில் படிக்கட்டுப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மாடத்தைச் சற்று நேரம் பார்த்தார். "அம்மா, விளக்கைப் பின்னாடி வெச்சதாலதான் வெளிச்சம் உள்ளேயே கெடக்கு. மேல ஒரு கல்லை அரையடி முன்னால நீட்டி, அதுக்கு அடியில விளக்கை வெச்சிருவோம். ஆண்டவரு மேலயும் விழும், பக்கத்துல தம்பி படத்து மேலயும் விழும். கீழ ஒரு கல்லு போட்டா பாப்பா உக்காந்து படிக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

தாய் உடனே இசையவில்லை. மறுநாள் மாலை, மகள் வழக்கம்போல் அடுக்களைப் படியில் அமர்ந்தபோது, அவளை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு கணவரிடம், "கல்லு வாங்கிட்டு வந்துருங்க" என்று மட்டும் சொன்னாராம். இதைத் தந்தை என்னிடம் கூறினார்.

வீடு மந்திரிக்கச் சென்ற நாளில் கண்டேன். மாடத்தின் மேலே கடப்பைக்கல் ஒன்று சிறு தாழ்வாரம் போல நீண்டிருந்தது. அதன் அடியில் விளக்கு. ஆண்டவரின் முகம் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கச் சுவரில் மகனின் படம். அதன்மீதும் ஒளி விழுந்தது. மாடத்துக்குக் கீழே இரண்டரை அடி உயரத்தில் மற்றொரு கல், அதன்மேல் பாடப்புத்தகங்கள். கோப்பைகளில் ஒன்றில் மகள் தன் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தாள். அதற்குத் தாய் இசைந்திருந்தார் என்பதுதான் அன்று நான் கண்ட பெரிய மந்திரிப்பு. தீர்த்தம் தெளித்துக்கொண்டு அந்தச் சுவருக்கு வந்தபோது என் குரல் சற்றே தடைபட்டது.

துயரம் அத்தோடு தீர்ந்தது என்று நான் எழுதமாட்டேன். அந்தத் தாய் இன்றும் அழுகிறார். ஆனால் அவர் அழும்போது கூடத்தில் விளக்கு எரிகிறது. மற்றவர்கள் அவரைப் பார்க்க முடிகிறது.

அந்த வீட்டை நினைக்கும்போதெல்லாம் சூனேம் ஊர்ப் பெண்மணி என் நினைவுக்கு வருவார். அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில் அவரைக் காண்கிறோம். இறைவாக்கினர் எலிசா அவ்வழியே வரும்போதெல்லாம் தங்குவதற்கென்று, கணவரிடம் சொல்லி மாடியில் ஒரு சிற்றறை கட்டச் செய்கிறார். அதில் அவர் வைக்கச் சொன்னவை நான்கு: படுக்கை, மேசை, நாற்காலி, விளக்கு. இறைவனின் அடியாருக்காகத் தம் வீட்டில் ஓரிடத்தை ஒதுக்கியவர் அவர். பின்னர் மகன் பிறந்தான்; வளர்ந்தான்; ஒருநாள் தாயின் மடியிலேயே இறந்தான். அப்போது அவர் பிள்ளையை எங்கே கொண்டுபோய்க் கிடத்தினார்? தம் அறையில் அன்று. அந்த மேல்மாடி அறையில், இறைவாக்கினரின் படுக்கையில். இறைவனுக்கென்று ஒதுக்கிய இடம், துயர நாளில் பிள்ளையைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் இடமாயிற்று.

சூனேம் பெண்மணிக்கு அவர் மகன் உயிரோடு திரும்பக் கிடைத்தான். நம் பங்குகளில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் பலருக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. உயிர்ப்பின் நாள்வரை அவர்கள் காத்திருக்கின்றனர். எனினும் ஓர் உண்மை இருவருக்கும் பொதுவானது. மகிழ்ச்சியான நாளில் வீட்டில் ஆண்டவருக்கு இடம் ஒதுக்கியவர்களுக்கு, இருண்ட நாளில் எங்கே போவது என்ற திகைப்பு இராது. அந்த மகன் தாளில் வரைந்த மாடம் அப்படித்தான் அவன் பெற்றோருக்குப் பயன்பட்டது.

ஆகவே, மாடத்தை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது நான் திசை சொல்வதில்லை. "உங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்காரும் இடம் எது?" என்று திருப்பிக் கேட்கிறேன். சிலர் உடனே சொல்கின்றனர். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர்; அப்படியோர் இடம் தங்கள் வரைபடத்திலேயே இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிய வருகிறது. ஆளுக்கோர் அறை இருக்கிறது. அறைக்கொரு தொலைக்காட்சி இருக்கிறது. கையில் கைபேசி இருக்கிறது. ஒன்றாக அமர இடமில்லை. அதை முதலில் முடிவு செய்யுங்கள், மாடத்திற்குரிய சுவர் தானாகத் தெரிந்துவிடும் என்பேன். தரையில் அமர்ந்து செபிக்கும் குடும்பமானால் மாடம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். நின்றோ நாற்காலியிலோ என்றால் அதற்கேற்ப உயரட்டும். நிலைவாசலில் நுழைகிற விருந்தினர் கண்ணில் படுகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. காய்ச்சலில் படுத்திருக்கும் பாட்டியின் கட்டிலிலிருந்து தெரிகிறதா என்று பாருங்கள்.

உள்ளே ஒரு சுரூபம் போதும். பத்துச் சுரூபங்களை நெருக்கி வைத்தால் எதன் முகத்தையும் பார்க்க முடியாது. அருகே திருவிவிலியம் இருக்கட்டும். தூசி படியாதவாறு நாள்தோறும் கையில் எடுக்கப்படட்டும். பிள்ளைகள் வென்ற கோப்பைகளுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த பொம்மைகளுக்கும் வேறு அலமாரி செய்துகொள்ளலாம். அவற்றைக் காட்சிக்கு வைப்பதில் குற்றமில்லை. பிள்ளைகளின் உழைப்பை வீடு பெருமையோடு நினைப்பது நல்லதே. ஆனால் மாடம் வேறு, காட்சிப்பெட்டி வேறு. காட்சிப்பெட்டி, நம்மிடம் இருப்பதைப் பிறருக்குக் காட்டுகிறது. மாடமோ நம்மை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும்.

விளக்கை முன்விளிம்பில் வைக்கச் சொல்லுங்கள். மின்வேலை செய்பவர் பின்னால் வைத்தால்தான் அழகு என்பார். அவரிடம் வாதிட வேண்டாம்; பணிவோடு, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். அந்த ஒளியில் ஆண்டவரின் முகம் தெரியும். அவர் முன் அமர்ந்திருக்கும் கணவரின் களைப்பு மனைவிக்குத் தெரியும். மகள் நாலைந்து நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது தந்தைக்குத் தெரியும். பேசாமல் இருக்கும் இரு சகோதரர்களுக்கு ஒருவர் கண்ணை ஒருவர் தவிர்ப்பது கடினமாகும். இல்லத் திருச்சபை என்று பொதுச்சங்கம் சொன்னது இதைத்தான் என்று நம்புகிறேன்.

வீடு கட்டும் அன்பர்களே, உங்கள் சுவர் ஆண்டவருக்குச் சிறிது இடம் விடட்டும். அங்கே ஏற்றப்படும் ஒளி அங்கேயே தங்கிவிடாமல், உங்கள் வீட்டில் யார் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ அவரைத் தேடி வரட்டும்.